கம்பாலாவிலிருந்து லீவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

உகாண்டா தலைநகர் கம்பாலாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசியை 10 நாள் முன்னாலேயே போட்டுவிடுங்கள். அட்டையைத் தொலைக்காதீர்கள், திரும்பும்போது நம் ஊர் ஏர்போர்ட்டிலும் கேட்பார்கள். அந்த ஊசிக்கும் மலேரியாவுக்கும் சம்பந்தமில்லை.

இங்கே சுமார் 1,200 மீட்டர் உயரம். ஃபேன் தேவைப்படாது, ஜன்னலைத் திறந்துபோட்டுத் தூங்கலாம் என்று தோன்றும். மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் கொசு கடிப்பதே அந்த நேரத்தில்தான். மருந்து தோய்த்த வலை கட்டுங்கள். "சென்னையில ரெண்டு தடவை மலேரியா வந்திருக்குண்ணே, பழகின உடம்பு" என்றான் ஒரு தம்பி. அங்கே பெரும்பாலும் வைவாக்ஸ் வகை மலேரியா. இங்கே ஃபால்சிபாரம் வகை, மூளை வரை ஏறும். குழந்தையிலிருந்து கடி வாங்கி வளர்ந்த உள்ளூர்க்காரர்களோடு நம்மை ஒப்பிடாதீர்கள். கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வந்தால் இன்னும் ஜாக்கிரதை.

நான் மாட்டியது இங்கே இல்லை, மதுரையில். மூணு வருஷம் ஒன்றுமே வரவில்லை என்ற திமிர். லீவுக்குக் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி என்டெபே ஏரிக்கரையில் அரைக்கால் சட்டையோடு 11 மணி வரை பொரித்த திலாப்பியா. ஊருக்குப் போன 9வது நாள் பல் கிட்டுகிற குளிர். "தண்ணி மாறினது" என்று அம்மா நிலவேம்பு காய்ச்சிக் கொடுத்தார். கிளினிக்கில் டெங்கு பார்த்தார்கள், இல்லை. டைபாய்டாக இருக்கலாம் என்று டிரிப் ஏற்றினார்கள். எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. சரி, என் வாயில் என்ன கொழுக்கட்டையா?

நாலாம் நாள் கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி. பெரியாஸ்பத்திரியில் விரலைக் குத்திய லேப் அம்மா சும்மா பேச்சுக்கு, "எங்க வேலை பாக்குறீங்க?" என்றார். உகாண்டா என்றேன். கண்ணாடித் துண்டைப் பிடித்த கை அப்படியே நின்றது. "இதை மொதல்லயே சொல்ல மாட்டீங்களா சார்?" மலேரியாதான், அன்றைக்கே அதற்கான ஆர்ட்டிசுனேட் ஊசி. அக்கா மகள் காதுகுத்து எனக்கு வீடியோவில்தான்.

ஊருக்குப் போய் மூணு மாசத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், "உகாண்டாவிலிருந்து வர்றேன், மலேரியா பாருங்க" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும். ஒரு தடவை இல்லை என்று வந்தால் மறுநாளும் பாருங்கள். ஆர்ட்டிமீத்தர் கூட்டு மாத்திரை கொடுத்தால் 3 நாளில் 6 வேளை, பாலோடு. ரெண்டாம் நாளே தெம்பு வரும், அதற்காக நிறுத்தாதீர்கள்.

அம்மா இப்போதெல்லாம் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும், "எந்த ஊரு போயிட்டு வந்தே?" என்றுதான் கேட்கிறார். பக்கத்து வீட்டுப் பாட்டி மேலூர் என்றாராம்.