எதிர்ப்பு சக்தியை ‘ஏற்றினால்’ மார்பகப் புற்றுநோய் அடங்குமா?

பயாப்ஸி முடிவு கைக்கு வந்த வாரத்திலேயே ஆலோசனைகளும் வீட்டுக்கு வரத் தொடங்கிவிடும். “எதிர்ப்பு சக்தி குறைஞ்சு போச்சு, அதான் வந்திருக்கு. அதை ஏத்தணும்” என்பார் ஒருவர். இன்னொருவர் சீந்தில் பொடி டப்பாவோடு வருவார். அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் மார்பகப் புற்றுநோய் விஷயத்தில் ‘குறைஞ்சு போச்சு’, ‘ஏத்தணும்’ என்ற இரண்டுமே தப்பு.

முதலில் அந்த ‘குறைஞ்சு போச்சு’. சிறுநீரக மாற்று அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்கள் வருடக்கணக்கில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு நிணநீர்ப் புற்றுநோயும் சில வகைத் தோல் புற்றுநோய்களும் பல மடங்கு கூடுகின்றன. மார்பகப் புற்றுநோய் அப்படிக் கூடுவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடமும் இதையே பார்த்திருக்கிறார்கள். ஆக, ‘நேரத்துக்குச் சாப்பிடாமல் உடம்பைக் கெடுத்துக்கொண்டேன், அதனால்தான் வந்தது’ என்று ஒரு பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்ள எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்தது ‘ஏத்தணும்’. மோட்டார் போட்டு நிரப்புகிற மேல்தொட்டி மாதிரி நாம் எதிர்ப்பு சக்தியை நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது அப்படி ஒரே சரக்கு இல்லை; கட்டிக்குள்ளேயே எத்தனையோ விதமான எதிர்ப்பணுக்கள் இருக்கின்றன. டி செல் என்ற வெள்ளையணுக்களில் ஒரு வகை புற்று செல்லைக் கொல்லும். இன்னொரு வகை அந்தக் கொலையாளியைப் பிடித்து நிறுத்தும். மேக்ரோபேஜ் என்ற விழுங்கணுக்கள் பல கட்டிகளில் புண்ணை ஆற்றுவது போல வேலை செய்து, புது ரத்தக்குழாய் வளரவும் துணை போய்விடுகின்றன. இதில் எதை ஏற்றுவது?

பேத்தாலஜி ரிப்போர்ட்டில் இப்போதெல்லாம் சிலருக்கு ‘டில்ஸ்’ என்று ஒரு சதவீதம் இருக்கும். கட்டிக்குள் புகுந்திருக்கும் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் எவ்வளவு என்ற கணக்கு அது. தனி டெஸ்ட் வேண்டாம், சாதாரண பயாப்ஸி ஸ்லைடிலேயே பார்த்துவிடலாம். டிரிப்பிள் நெகட்டிவ் (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லாமல், ஹெர்-2 புரதமும் அதிகமில்லாதது), ஹெர்-2 பாசிட்டிவ் (அந்தப் புரதம் அதிகமுள்ளது) வகைகளில் இது கூடுதலாக இருந்தால் பொதுவாக நல்ல அறிகுறி. ஹார்மோன் ஏற்பிகள் உள்ள ஹார்மோன் பாசிட்டிவ் வகையில் கதை மாறுகிறது. 2018-ல் வெளியான, 3,771 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், டில்ஸ் அதிகமிருந்தால் எல்லா வகைக் கட்டியும் கீமோவுக்கு நன்றாகக் கரைந்தது; ஆனால் ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் வகையில் ஆயுள் கூடவில்லை, குறைவாகவே இருந்தது. அதனால் பக்கத்துப் படுக்கைக்காரரின் ரிப்போர்ட்டோடு உங்களுடையதை ஒப்பிடவே வேண்டாம். ‘டில்ஸ் அதிகம், அப்படியானால் கீமோ வேண்டாம்’ என்று தானாக முடிவெடுப்பது அதைவிடப் பெரிய தவறு. யாருக்குக் கீமோவைக் குறைக்கலாம் என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது.

இந்த டில்ஸையும் ரத்தப் பரிசோதனையில் வரும் வெள்ளையணு கவுண்ட்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கீமோவுக்குப் பிறகு போடும் ஃபில்கிராஸ்டிம் ஊசி கவுண்ட்டை ஏற்றுவது கிருமித்தொற்று வராமல் இருக்கத்தான். புற்றுநோயோடு சண்டை போட இல்லை. பல கீமோ மருந்துகளில் 7 முதல் 14 நாளுக்குள் கவுண்ட் அடிமட்டத்துக்குப் போகும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கவைக்கும் இம்யூனோதெரபி பற்றிய தவறுகள் புதியவை, அதனால் இன்னும் பரவலாகப் பேசப்படவில்லை. டி செல்லின் மேல் இருக்கும் ‘பிரேக்’கை விடுவிக்கலாம் என்று காட்டியதற்காக ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. அந்த வழியில் வந்த பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து மார்பகப் புற்றுநோயில் முக்கியமாக டிரிப்பிள் நெகட்டிவ் வகைக்குத்தான். நோய் வேறு உறுப்புக்குப் பரவியிருந்தால் பி.டி.-எல்1 என்ற புரதத்தைப் பார்க்கும் சோதனையில் மதிப்பெண் 10-க்குக் குறையாமல் வர வேண்டும்.

விலை எக்கச்சக்கம் என்பதால் இதைக் கடைசி அஸ்திரமாக ஒதுக்கிவைக்கத் தோன்றும். இது நேர்மாறாக யோசிக்க வேண்டிய இடம். பரவிய நோய்க்கு ஓரிரு சிகிச்சைகள் ஏற்கெனவே முடித்தவர்களுக்கு இதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். கீமோவை இதனால் மிஞ்ச முடியவில்லை. கட்டி மார்பகத்தில் இருக்கும்போதே, அறுவைசிகிச்சைக்கு முன் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தபோதோ, புற்று செல் முழுதாக மறைந்தவர்கள் 51.2 சதவீதத்திலிருந்து 64.8 சதவீதமாக உயர்ந்தார்கள். 2021-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது. கட்டி இருக்கும்போது டி செல்களுக்கு அடையாளம் பழக நிறைய ‘முகங்கள்’ கிடைக்கும் என்பது இதற்குப் பின்னால் இருக்கும் யோசனை. ‘முதலில் கட்டியை எடுத்து எறியுங்கள் டாக்டர்’ என்று அவசரப்படுத்தும் குடும்பம், 2 செ.மீ.க்கு மேற்பட்ட டிரிப்பிள் நெகட்டிவ் கட்டியாக இருந்தால், இந்த வாய்ப்பைத் தன் கையாலேயே இழக்கிறது.

பிரேக்கை விடுவித்தால் வண்டி எங்கே வேண்டுமானாலும் மோதும், இல்லையா? குடலில் மோதினால் பேதி, நுரையீரலில் மோதினால் வறட்டு இருமல், தைராய்டிலோ அட்ரினல் சுரப்பியிலோ மோதினால் அசதி, தலைசுற்றல். ‘நேற்று சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை’ என்று விட்டுவிடுவதுதான் இங்கே வழக்கமான தவறு. சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்தும் இவை வரலாம்.

அப்புறம் அந்தச் சீந்தில் டப்பா. 2021-ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள். உடம்பின் எதிர்ப்பே கல்லீரலைத் தாக்கியது போன்ற பாதிப்பு அது. ஒருவகையில் எதிர்ப்பு சக்தி ஏறத்தான் செய்தது, வேண்டாத இடத்தில்! இம்யூனோதெரபியும் கல்லீரலைத் தாக்கக்கூடும் என்பதால் இரண்டையும் சேர்ப்பது நெருப்போடு விளையாட்டு. ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகளும் யோசிக்க வேண்டியவையே. அமெரிக்காவில் ஓர் ஆய்வில், கீமோவுக்கு முன்பும் கீமோவின்போதும் அவற்றை எடுத்தவர்களிடம் நோய் திரும்புவது கூடுதலாகத் தெரிந்தது. மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் தானாக வாங்கிச் சாப்பிடாமல் இருக்க இது போதும். சாப்பாட்டில் வரும் கீரை, நெல்லிக்காய்க்கு இந்தப் பயம் வேண்டாம்.

தடுப்பூசியே கூடாது என்பதும் தவறு. செயலிழந்த கிருமியால் ஆன ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளலாம், எந்த நாளில் என்பதை மருத்துவர் குறித்துத் தருவார். உயிருள்ள கிருமியால் ஆனவை மட்டும் கீமோ காலத்தில் ஆகாது.

இம்யூனோதெரபி எடுத்தவர்கள் ஃபைலின் முதல் பக்கத்தில் மருந்தின் பெயர், கடைசியாக ஏற்றிய தேதி, மருத்துவமனையின் இரவு நேர எண் மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பேதிக்கோ மூச்சிரைப்புக்கோ ஊரில் வேறு டாக்டரிடம் ஓட நேர்ந்தால் முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.