ஆதரவு ஒருங்கிணைப்பாளரை அமர்த்துமுன் கேட்கத் தவறும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவில் என்.டி.ஐ.எஸ். எனப்படும் மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில் ஆதரவு ஒருங்கிணைப்புக்கென்று, அதாவது தேவையான சேவைகளைக் கண்டறிந்து ஏற்பாடு செய்ய உதவும் பணிக்கென்று, நிதி ஒதுக்கப்பட்டதும், தெரிந்தவர் சொன்ன முதல் பெயருக்கே பலர் சம்மதித்துவிடுகிறார்கள். அவர் தமிழ் பேசுபவராகவும் இருந்துவிட்டால் வேறு கேள்வியே எழுவதில்லை. மொழி பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். நடுநிலைமையை அப்படிப் பெற முடியாது.

எனவே முதலில் கேட்க வேண்டியது, அவருடைய நிறுவனமே பராமரிப்புப் பணியாளர்களையும் சிகிச்சையையும் தங்குமிடத்தையும் வழங்குகிறதா என்பதுதான். வழங்கினால் அது குற்றமாகிவிடாது. அதை அவர் தாமாகவே சொல்கிறாரா, ஒவ்வொரு தேவைக்கும் வெளி நிறுவனங்கள் இரண்டு மூன்றின் பெயர்களையாவது தருவாரா என்பதைக் கவனிக்க வேண்டும். "எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில் ஆறுதலாகத் தோன்றினாலும், தேர்வு செய்யும் உரிமை உங்கள் கையை விட்டுப் போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

அடுத்த தவறு, மணிக்கணக்கைக் கேளாமல் விடுவது. வழக்கமான ஒருங்கிணைப்புக்கு மணிக்குச் சுமார் 100 டாலர் வரை கட்டணம் ஆகலாம். ஓராண்டுக்கு 24 மணி நேரம் கிடைத்திருந்தால் மாதத்துக்கு இரண்டு மணி நேரம்தான் வரும். நேரில் சந்திப்பதற்கு மட்டுமல்லாமல் தொலைபேசி அழைப்பு, மின்னஞ்சல், அறிக்கை எழுதுதல், பயணம் ஆகியவற்றுக்கும் அந்த நேரமே கழிக்கப்படலாம். ஐந்து நிமிட அழைப்பு கால் மணி நேரமாகக் கணக்கிடப்படுமா, செலவான நேரத்தை மாதந்தோறும் எழுத்தில் தருவார்களா என்று முன்பே கேட்காதவர்கள், தங்களுக்கென வகுக்கப்பட்ட திட்டம் பாதியில் இருக்கும்போதே நேரம் தீர்ந்துவிட்டதை அறிந்து திகைக்கிறார்கள். 2025 மே மாதத்துக்குப் பிறகு வரும் திட்டங்களில் நிதி தவணை தவணையாக விடுவிக்கப்படுவதால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியமாகிவிட்டது.

பொறுப்புகளைக் குழப்பிக்கொள்வதும் உண்டு. சேவை நிறுவனங்களின் பில்களைச் செலுத்துபவர் திட்ட மேலாளர். நிதியை முடிவு செய்வது என்.டி.ஐ.ஏ. என்ற அரசு முகமை. கூடுதல் நிதி வாங்கித் தருவதாக உறுதி கூறும் ஒருங்கிணைப்பாளரிடம் எச்சரிக்கை தேவை. உங்கள் நிதியை முகமையே நிர்வகிக்கிறது என்றால், என்.டி.ஐ.எஸ். தர, பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு பெற்ற நிறுவனத்தை மட்டுமே அமர்த்த முடியும் என்பதால், பதிவைப் பற்றியும் கேளுங்கள். பதிவு பெறாதவரையும் நடத்தை நெறிகள் கட்டுப்படுத்தும். அவர் மீதும் அந்த ஆணையத்திடம் முறையிடலாம்.

ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கிறார், விடுப்பில் சென்றால் யார் பொறுப்பேற்பார், திட்ட மறுமதிப்பீட்டுக்கான அறிக்கையை எப்போது தொடங்குவார் என்பவையும் கேட்கத்தக்கவை. கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலத்தைப் பாருங்கள். நடுவில் ஒருங்கிணைப்பாளரை மாற்றிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. செலவாகாத நிதி உங்கள் திட்டத்திலேயே இருக்கும், பழைய நிறுவனத்துக்குச் சொந்தமாகாது.