வெறும் ‘அண்ணா’ என்று மட்டும் அனுப்பாதீர்கள்: நீலகிரியிலிருந்து டொரன்டோ வருபவர்களுக்கு

டொரன்டோவிலிருந்து விடுமுறைக்குச் சொந்த ஊரான பந்தலூர் வந்திருக்கிறேன். வந்த நாளிலிருந்து மழை விட்டபாடில்லை. நேற்று மாலை எதிர் லைன் (தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசை) வீட்டுத் தம்பி குடையை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, “அண்ணா, எனக்கு விசா வந்துவிட்டது” என்றான். செப்டம்பரில் டொரன்டோவில் கல்லூரி. பின்னாலேயே அவனுடைய அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார், எழுதிக்கொள்ள. அவர்களிடம் சொன்னதையும், சொல்ல மறந்து இரவில் ஞாபகம் வந்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று மலையில் எங்கிருந்து கிளம்புகிறவர்களுக்கும் பாதியாவது பயன்படும்.

முதலில் வாட்ஸ்அப் குழு. உங்கள் கல்லூரிக்கு, நீங்கள் சேரும் பருவத்துக்கு என்று ஒரு குழு அநேகமாக இருக்கும். தேடிச் சேருங்கள். சேர்ந்தபின் எப்படிக் கேட்பது என்பதில்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். எனக்கு வருகிற செய்திகளில் பாதி ஒரே சொல்: “அண்ணா”. அவ்வளவுதான். வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்து “சொல்லுங்கள் தம்பி” என்று நான் பதில் போடும்போது இங்கே விடியற்காலை இரண்டரை மணி. காலை பத்து மணிக்கு அவன் “பேசலாமா அண்ணா?” என்று கேட்கும்போது அங்கே நள்ளிரவு தாண்டிவிடுகிறது. கோடையில் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பின்னால் தள்ளி வைத்தபின் பத்தரை. இப்படி மூன்று நாள் ஓடிய பிறகுதான் தெரியும், தம்பி கேட்க வந்தது பிரஷர் குக்கர் கொண்டுவரலாமா என்று. (கொண்டு வாருங்கள். கேஸ்கட் இரண்டு கூடுதலாக.)

கோத்தகிரிப் பெண் ஒருத்தி போன வருடம் அனுப்பியது வேறு மாதிரி. எந்தத் தேதி, எத்தனை மணிக்கு விமானம் இறங்குகிறது, எத்தனை பெட்டி, டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் எந்தச் சந்திப்புக்குப் பக்கத்தில் வீடு, இரவு பதினொரு மணிக்கு மேல் பஸ் உண்டா, டாக்ஸிதானா என்று ஒரே செய்தியில் எல்லாம் இருந்தது. ஐந்து நிமிடத்தில் மூன்று பதில். மூன்றாவது பதில் போட்டவர் அன்று இரவு காரோடு விமான நிலையத்திலேயே நின்றார்.

தேவை வரும்போது மட்டும் தலைகாட்டுவது இன்னொரு பிழை. “இன்று என்ன சமையல்” என்ற பேச்சை வெட்டிப் பேச்சு என்று நானும் நினைத்திருந்தேன். எங்கள் குழுவில் ஒரு பையன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல், தான் கருக்கிய தோசையின் படத்தைப் போடுவான். எல்லோரும் கேலி செய்வோம். ஒரு ஞாயிறு படம் வரவில்லை. மாலையில் யாரோ, “தோசைக்காரர் எங்கே?” என்று கேட்டார். இரவுவரை பதில் இல்லை. இரண்டு பேர் ரசத்தை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்கள். மூன்று நாளாகக் காய்ச்சல், பேஸ்மென்ட் அறையில் தனியாகப் படுத்திருந்தான். அவன் யாரிடமும் உதவி கேட்கவில்லை. கருகிய தோசைதான் அவனுக்காகக் கேட்டது.

எங்கள் அப்பாயிக்கு (அப்பாவின் அம்மாவுக்கு) இதெல்லாம் புதிதாக இருந்திருக்காது. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிலிருந்து இந்த மலைக்கு வந்தவர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களைப் பிரித்துக்கொள்ளப் போட்ட ஒப்பந்தத்தில் இந்தியாவின் பங்கு என்று எழுதப்பட்ட 5,25,000 பேரில் ஒருவர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசு தேயிலை நட ஆரம்பித்தது. பின்னாளில் அது டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஒப்பந்தம் அவருக்கு வேலையைக் கொடுத்தது. எந்தக் கடையில் கடன் கிடைக்கும், அட்டை ஏறாமலிருக்கக் காலில் என்ன தடவுவது, ‘சிலோன்காரி’ என்று யாராவது ஏளனமாகச் சொன்னால் என்ன பதில் சொல்வது என்பதையெல்லாம் ஆறு மாதம் முன்னால் வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரிதான் சொல்லிக்கொடுத்தார். பதிலுக்கு அப்பாயி கொடுத்தது குழாயடியில் தினம் அரைமணி நேரப் பேச்சு.

குழுவில் சொல்வதெல்லாம் வேதவாக்கா?

இல்லை. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. அவரவர் வந்த வருடத்தின் உண்மையைச் சொல்கிறார்கள். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது செலவுக்கு எவ்வளவு பணம் காட்ட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். 2023-ல் வந்தவர் 10,000 டாலர் என்பார். 2024-ல் வந்தவர் 20,635 என்பார். 2025 செப்டம்பர் 1 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு அது 22,895. மூவரும் பொய் சொல்லவில்லை. படிக்கும் காலத்தில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் கல்லூரிக்கு வெளியே வேலை செய்யலாம் என்பதும் இதே கதை: முன்பு 20, நடுவில் கொஞ்ச காலம் வரம்பே இல்லை, 2024 நவம்பரிலிருந்து 24. ஆகவே தொகை, தேதி, மணிக்கணக்கு என்றால் கனடா குடிவரவுத் துறையின் பக்கத்தில் நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். எந்தக் கடையில் நல்ல புழுங்கலரிசி கிடைக்கும் என்றால் குழுவை நம்புங்கள்.

காசு வாங்கிக்கொண்டு விசா ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். வழக்கறிஞராகவோ பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகராகவோ அப்படி உரிமம் பெற்ற வேறொருவராகவோ இருக்க வேண்டும். தனிச் செய்தியில் வந்து, “வேலைக் கடிதம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு ஆகும்” என்பவரிடமிருந்து விலகி நில்லுங்கள். வேலைக்காகத் தொழிலாளியிடம் பணம் வாங்குவதே அங்கே குற்றம். பாஸ்போர்ட், பெர்மிட் படங்களைச் சந்தோஷத்தில் குழுவில் போடவே போடாதீர்கள்.

வீட்டு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வந்த முதல் வாரம் ஒரு பேஸ்மென்ட் அறை. வீட்டுக்காரர் முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை, கூடவே ‘ஏதாவது உடைந்தால்’ என்று 500 டாலர் கேட்டார். தமிழில் அன்பாகப் பேசினார், கொடுத்துவிட்டேன். போகும்போது சுவரில் ஆணி அடித்த தடம் ஒன்றைக் காட்டி 500-ஐயும் வைத்துக்கொண்டார். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அப்படி ஒரு முன்பணம் வாங்கவே கூடாது என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. கடைசி மாத வாடகையும் சாவிக்கான சிறு தொகையும்தான் முன்பணமாகக் கேட்கலாம். கேட்டால் ரசீது இலவசமாகத் தர வேண்டும். ஊரிலிருந்தே வீடு பிடிக்கிறீர்கள் என்றால், அங்கே இருக்கும் யாரையாவது நேரில் போய் வீடியோ காட்டச் சொல்லுங்கள்; அதற்கு முன் ஒரு டாலர்கூட அனுப்ப வேண்டாம். ஆபத்தென்றால் வெளியேறுகிற அளவுக்கு ஜன்னல் இருக்கிறதா, ஹீட்டர் சூடாகிறதா, பஸ் நிறுத்தம் பனியில் நடக்கிற தூரமா என்று பார்க்கட்டும்.

மலை இறங்கும்போது

பெங்களூருவில் விமானம் ஏறுகிற கூடலூர், பந்தலூர்க்காரர்கள் பந்திப்பூர் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை மூடப்படும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தெரிந்த விஷயம்தான்; வழியனுப்ப வந்தவர்கள் அழுது முடிப்பதற்குள் மணி எட்டரை ஆகிவிடும். கோயம்புத்தூர் வழியாகப் போகிறவர்கள் மழைக்காலமென்றால் ஒரு நாள் முன்பே மேட்டுப்பாளையத்தில் இருப்பது நல்லது. மண்சரிவுக்கு உங்கள் டிக்கெட் தெரியாது.

பல் வைத்தியம், கண்ணாடி இரண்டையும் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. கல்லூரிக் காப்பீடு எதற்கெல்லாம் செல்லும் என்பதை இப்போதே படியுங்கள்.

குளிர் நமக்குப் புதிதா என்ற பெருமிதம் மலைக்காரர்களிடம் உண்டு. எனக்கும் இருந்தது. ஊட்டியில் படித்தபோது புல்லின்மேல் உறைபனியைப் பார்த்தவன், திபெத்தியர் கடையில் வாங்கிய ஸ்வெட்டரோடு டொரன்டோவில் இறங்கியவன். ஊட்டிக் குளிர் வீட்டுக்குள்ளும் வரும், ஈரமாக வரும். அங்கே வீட்டுக்குள் வெதுவெதுப்பு, காற்றில் துளி ஈரம் இல்லை; உதடு வெடிக்கும், கதவுக் கைப்பிடியைத் தொட்டால் சுளீர் என்று மின்சாரம் அடிக்கும். வெளியே காற்று முகத்தில் அறையும். தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று அடுக்கு மேல். பனிக்கான பூட்ஸை இங்கே வாங்காதீர்கள். அங்கே போய், பழையவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வாங்குங்கள்.

பெட்டியில் ஊட்டி வர்க்கி இருக்கட்டும், எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக் பையில் வைத்தால் போய்ச் சேரும்போது தூள்தான் மிஞ்சும். உங்களை அழைக்க வருகிறவருக்கு ஒரு பொட்டலம் தனியாக வையுங்கள். பெட்ரோல் காசு கொடுத்தால் கோபித்துக்கொள்பவர்கள்கூட அதை வாங்கிக்கொள்வார்கள். உணவுப் பொருள் எது இருந்தாலும் சுங்கப் படிவத்தில் சொல்லிவிடுங்கள். உப்புக்கண்டம் வேண்டாம்.

போய் இறங்கியதும்

விமான நிலையத்தில் அதிகாரி படிப்பு பெர்மிட்டை அச்சிட்டுத் தருவார். தூக்கக் கலக்கத்தில் மடித்து வைத்துவிடாமல் அங்கேயே நின்று படியுங்கள்: பெயர், தேதி, வேலை செய்யலாம் என்ற வரி. பிழையிருந்தால் அந்த மேசையில் திருத்துவது எளிது, பிறகு மாதக்கணக்காகும். அடுத்து சின் (SIN, சமூகக் காப்பீட்டு எண்) என்கிற ஒன்பது இலக்க எண். வேலைக்கு இது வேண்டும். வாங்கக் கட்டணம் கிடையாது. முதலாளி, வங்கி, கல்லூரி, அரசு என்று சட்டப்படி கேட்கிறவர்களுக்குத் தவிர யாருக்கும் அதைச் சொல்லாதீர்கள்.

முதல் மாதம் வங்கியிலும் கல்லூரியிலும் என் அப்பாவைத்தான் அழைத்தார்கள். இனிஷியலை விரித்து எழுதினால் அப்படித்தான், பழகிவிடும்.

ஸ்கார்பரோவில் தமிழ்க் கடைகளை நடத்துகிறவர்களில் பெரும்பாலோர் 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள். பத்திரிகையில் ‘ரொறன்ரோ’ என்று பார்த்துத் திகைக்காதீர்கள். அவர்கள் எழுத்து வழக்கு அது. தேநீர் அங்கே தேத்தண்ணி, பேசுவது கதைப்பது. முன்பின் தெரியாதவரை ‘நீ’ என்று அழைத்தால் முகம் மாறும். போரைப் பற்றி அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் தோண்டாதீர்கள். கடைக்கார அம்மா ஒருவர் என் அப்பாயியின் கதையைக் கேட்டபின், ரோல்ஸ் இரண்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நவம்பர், டிசம்பரில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். அப்போதுதான் பிள்ளைகள் குழுவில் பேசுவதை நிறுத்துகிறார்கள், அம்மாவிடம் “சாப்பிட்டேன்” என்று பொய் சொல்லவும் ஆரம்பிக்கிறார்கள். மனம் தாங்காத நிலை வந்தால் 988-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆபத்துக்கு 911.

நோட்டுப் புத்தகத்தில் எட்டுப் பக்கம் எழுதிக்கொண்டு அவர்கள் போனபோது மணி ஒன்பது. இன்று காலை போனைத் திறந்தேன். தம்பியிடமிருந்து ஒரு செய்தி வந்திருந்தது: “அண்ணா”.

எதிர் லைன்தானே என்று குடையை எடுத்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டேன்.