கறுப்பு ஸ்டௌட்டை ருசித்துக் குடிக்க: முதலில் குளிரைக் குறையுங்கள்

ஸ்டௌட் என்ற கறுப்பு பீர் வெறும் கசப்பு என்று முதல் மடக்கிலேயே ஒதுக்கியவர்களில் பலர் அதைப் பனிக்கட்டி போன்ற குளிரில் குடித்தவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1. எதை வாங்குவது?

சிறிய ஆலைகள் வடிக்கும் இம்பீரியல் ஸ்டௌட் கிடைத்தால் அதுவே என் தேர்வு. 18ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து ரஷ்யாவுக்குக் கப்பலேறிய கடுமையான ஸ்டௌட்டின் வழிவந்தது அது. கிடைக்காவிட்டால் இலங்கையின் லயன் ஸ்டௌட்டில் தொடங்குங்கள். பெரிய ஆலையின் சரக்குதான், ஆனால் ஆழமான சுவை. ஆல்கஹால் 8.8 விழுக்காடு என்பதால் ஒரு போத்தலை இருவர் பகிர்ந்துகொள்வது நல்லது.

2. கோப்பை

கைப்பிடி வைத்த தடித்த பீர் கோப்பை வேண்டாம். வாய் குறுகிய ஒயின் கோப்பையே மணத்தைப் பிடித்து வைக்கும். உறையவைத்த கோப்பை கூடவே கூடாது. ஊற்றியதும் உட்சுவரில் குமிழிகள் ஒட்டி நின்றால் கோப்பையில் பிசுக்கு இருக்கிறது. நன்றாக அலசிவிட்டு மறுபடி ஊற்றுங்கள்.

3. வெப்பநிலை

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஃபிரிட்ஜுக்குள் ஏறக்குறைய 4 டிகிரி செல்சியஸ். கடுமையான ஸ்டௌட்டுக்கு வேண்டியதோ 10 முதல் 13 டிகிரி. குளிரில் மணப்பொருள்கள் எளிதில் ஆவியாவதில்லை. நாக்குக்கு இனிப்பும் மங்கிவிடுகிறது. கசப்பு தனியாக நிற்கிறது. ஆறிப்போன ரசத்தில் பெருங்காயம் தெரியாததைப் போலத்தான்.

போத்தலைத் திறந்ததும் ஒரு மடக்கு மட்டும் ஊற்றி, குளிராகவே குடித்துப் பாருங்கள். மற்றதை மேசையில் விட்டுவிடுங்கள். 30 டிகிரி அறையில் ஏறக்குறைய 20 நிமிடம் போதும். ஊட்டிக் குளிரில் வெகுநேரம் ஆகும். சமையலறை வெப்பமானி ஒன்று வாங்கினால் ஊகமே தேவையில்லை. சுவைகளைப் பட்டியலிடும் செயலிகளைவிட அதுதான் உதவும். இரண்டாம் மடக்கில் வித்தியாசம் தானாகத் தெரியும்.

4. ஊற்றுவதும் முகர்வதும்

கோப்பையைச் சாய்த்து ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்துங்கள். பழுப்பு நுரை இரண்டு விரற்கடை எழட்டும். உடனே குடிக்காமல், குட்டிக் குட்டியாக மூச்சிழுத்து முகருங்கள். டிகாக்‌ஷன், கோகோ, கருகிய வெல்லம் எல்லாம் வரும். பெரும்பாலும் காப்பித்தூள் எதுவும் சேர்த்திருக்க மாட்டார்கள். பார்லியைக் கறுக்க வறுப்பதால் வரும் மணம் அது. 1817இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் உருளையில் வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான், தீய்ந்துபோகாத கரிய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஒரே சீராகக் கிடைக்கத் தொடங்கியது.

5. குடிப்பது

சிறிய மடக்கு. வாய் முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். பிறகு வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். இதைத் தவறவிடாதீர்கள்: கோப்பையில் முகர்ந்தபோது வராத வாசனைகள், உலர்ந்த திராட்சையோ அதிமதுரமோ, இந்த மூச்சில்தான் வரும். கூடவே கொறிக்க, சர்க்கரை குறைந்த கறுப்புச் சாக்லேட் ஒரு துண்டு இருந்தால் போதும். காரமான வறுவல் வேண்டவே வேண்டாம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைத் தூக்கிவிடும்.

பிற்சேர்க்கை: நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். காற்றுப் பட்டுப் பழசான பீர் அது. உங்கள் நாக்கின் குறையல்ல. அடியில் மண்டி நிற்பதைக் கண்டு பயந்தவர்களும் உண்டு. போத்தலிலேயே நொதிக்கும் பீர்களில் ஈஸ்ட் அப்படித்தான் தங்கும், கெடுதல் இல்லை. முந்தின நாளே போத்தலை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஊற்றும்போது கடைசி விரற்கடையை உள்ளேயே விட்டுவிடுங்கள்.