பந்தின் வேகம் காலில் தொடங்குகிறது

பேஸ்பாலில் வேகமாக வீச ஆசைப்படும் பையன்கள் முதலில் தேடுவது டம்பெல்லைத்தான். கை முறுக்கேறினால் பந்து பறக்கும் என்ற நினைப்பு. நான் பார்த்தவரை, மற்ற தவறுகளுக்கெல்லாம் இதுதான் வேர். அமெரிக்க பிட்சர் (பந்து வீசுபவர்) பில்லி வாக்னரின் உயரம் 5 அடி 10 அங்குலம்தான். ஆனால் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டவர் அவர்.

வேகம் தரையிலிருந்து ஏறி வருகிறது. பின்கால் உந்துகிறது, முன்கால் நீளமாக எட்டி ஊன்றுகிறது, இடுப்பு திரும்புகிறது, அதற்குப் பிறகுதான் நெஞ்சும் தோளும். கை கடைசியில் வரும் சாட்டை நுனி. இடுப்பையும் தோளையும் ஒரே நேரத்தில் திருப்பிவிட்டால் சாட்டை கம்பாகிவிடும்.

பலரும் கவனிக்காத இடம் முன்கால் முட்டி. நல்ல பிட்சரை ஸ்லோ மோஷனில் பாருங்கள். ஊன்றும்போது மடங்கியிருக்கும் முட்டி, பந்து விரலை விட்டுப் போகும்போது நிமிர்ந்திருக்கும். பஸ் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர் முன்னால் பாய்வார் அல்லவா, அப்படித்தான் கால் நிற்க, உடம்பு பாய்கிறது. முட்டி தொய்ந்து முன்னே சரிந்தால் அந்தப் பாய்ச்சல் அங்கேயே கரைந்துவிடும். கரைந்ததைக் கையால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். அப்போதுதான் முழங்கை அடி வாங்குகிறது. வீசும் கணத்தில் தோள் நொடிக்கு 7,000 டிகிரி அளவில் சுழல்கிறது. அதே வேகத்தில் விடாமல் சுழன்றால் நொடிக்கு 19 சுற்று!

அப்புறம், கனமான பந்தை வைத்துப் பயிற்சி. 2018இல் அமெரிக்கப் பள்ளி பிட்சர்களிடம் ஆறு வாரம் சோதித்தார்கள். வேகம் சுமார் 3 சதவீதம் கூடியது. ஆனால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் காயம். வளரும் பையனுக்கு அவ்வளவு விலை தேவையா?

'டாமி ஜான்' என்ற முழங்கை அறுவை சிகிச்சையைச் செய்துகொண்டால் வேகம் கூடும் என்று நம்பும் பெற்றோரும் இருக்கிறார்கள். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதலில் செய்த அந்த அறுவை சிகிச்சை, அறுந்த தசைநாருக்கு மாற்று வைப்பது, அவ்வளவுதான். மறுபடி களமிறங்கவே பெரும்பாலும் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும்.

வருடம் முழுக்க வீசுவதும் வேண்டாம். அமெரிக்காவின் 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டுதல்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 85 பந்து. பள்ளிக்கும் கிளப்புக்கும் சேர்த்து ஆடும் பையன் என்றால் இரண்டு பயிற்சியாளர்களுக்கும் பாதிக் கணக்குதான் தெரியும். முழுக் கணக்கை வீட்டில்தான் எழுதி வைக்க வேண்டும்.