முதல் யோகா வகுப்பு: தயக்கத்துடன் வருபவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

முதன்முறையாக யோகா வகுப்புக்குச் செல்பவர்களில் பலர் ஆசனங்களுக்கு அஞ்சுவதில்லை; பிறர் தம்மைப் பார்ப்பார்களே என்றுதான் அஞ்சுகிறார்கள். அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்துவிட்டால் அந்தக் கூச்சம் பெருமளவு குறையும் என்பதால், வகுப்பு நடக்கும் வரிசையிலேயே விளக்குகிறேன்.

முழு உணவு உண்ட பின் 2 முதல் 3 மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். குனியும்போது மேலேறாத சட்டையும், முழங்காலை மடக்க இடம்தரும் கால்சட்டையும் போதும். காலுறை விரிப்பில் வழுக்கும், வெறுங்காலே நல்லது.

சற்று முன்னதாகவே சென்று, நீங்கள் புதியவர் என்பதை ஆசிரியரிடம் தெரிவியுங்கள். உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலையைத் தாழ்த்தும் நிலைகளைத் தவிர்க்க வேண்டியிருக்கலாம். கர்ப்பம், முதுகெலும்புத் தட்டு விலகல், அண்மையில் செய்துகொண்ட அறுவை சிகிச்சை ஆகியவற்றையும் மறைக்காமல் சொன்னால்தான் அவரால் மாற்று நிலைகளைக் காட்ட முடியும். தொட்டுத் திருத்துவதை நீங்கள் விரும்பாவிட்டால், அதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

விரிப்பை நடு வரிசையில் போடுங்கள். கடைசி வரிசைதான் ஒளிந்துகொள்ள ஏற்ற இடம் என்று தோன்றும். ஆனால் எல்லோரும் பின்புறமாகத் திரும்பும் நிலை வந்தால் அதுவே முதல் வரிசையாகிவிடும்!

வகுப்பு பெரும்பாலும் சுகாசனத்தில், அதாவது சாதாரணமாகச் சம்மணமிட்டு அமர்வதில் தொடங்கும். முழங்கால்கள் இடுப்பைவிட உயர்ந்து நின்றால் முதுகு கூனும் என்பதால், மடித்த போர்வையின் மேல் அமருங்கள்.

இனி மூச்சு. முதல் நாளில் நீங்கள் கற்க வேண்டியது இது ஒன்றுதான் என்பேன். பொதுவாக, கைகளை உயர்த்தும்போதும் மார்பை விரிக்கும்போதும் மூச்சை உள்ளிழுத்து, குனியும்போதும் உடலைத் திருப்பும்போதும் வெளிவிட வேண்டும். மூச்சு தடைபட்டாலோ வாயால் வாங்கத் தொடங்கினாலோ, உடலின் அளவை மீறிவிட்டீர்கள் என்று கொண்டு, ஆசனத்தைச் சற்றுத் தளர்த்துங்கள். கைகளையும் பாதங்களையும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் குதிகால் தரையைத் தொட வேண்டும் என்று பலர் கால்களை விறைப்பாக நீட்டி முதுகை வளைத்துவிடுகிறார்கள். முழங்காலை மடக்கியேனும் முதுகை நேராக நீட்டுவதுதான் அங்கே முக்கியம். தசையின் நடுப்பகுதியில் உணரும் இழுவையைப் பொறுத்துக்கொள்ளலாம். மூட்டில் சுரீரென வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். களைத்துப்போனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் பாலாசனத்தில், அதாவது மண்டியிட்டுக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தபடி, ஓய்வெடுக்கலாம். அதுவும் ஓர் ஆசனமே என்பதால் எவரும் வியப்பாகப் பார்க்கமாட்டார்கள்.

இறுதியில் வரும் சவாசனத்தில் 5 முதல் 10 நிமிடங்கள் வரை அசையாமல் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். உறங்கிவிட்டாலும் குற்றமில்லை. எழும்போது சட்டென்று நிமிராமல், வலப்புறமாக ஒருக்களித்து, கையை ஊன்றி மெதுவாக எழுந்து அமருங்கள்.

மறுநாள் தொடையின் பின்புறமும் தோளும் வலிப்பது இயல்பு. அது இரண்டு மூன்று நாட்களில் தணிந்துவிடும். மூட்டு வலி அதன் பின்னும் நீடித்தால், அடுத்த வகுப்புக்குச் செல்லும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.