கடைசிப் பக்கத்தில் எழுதும் பிள்ளைகள்: நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் தவறுகள்

பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளோடு கதையும் படமுமாகப் பதினாறு வருடம் ஓட்டியாயிற்று. போன மாதம், புதிதாகச் சேர்ந்த பயிற்றுநர் ஒருவர் ஒரு பையனின் ஓவிய நோட்டை வாங்கி, அவனை அழைத்துப்போக வந்த அப்பாவிடம் நீட்டினார். முகமெல்லாம் பெருமை. பையன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே காரியத்தை இதே பெருமையோடு நானும் ஒரு காலத்தில் செய்தவள்தான்.

திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

கேட்காமல் வீட்டாரிடம் காட்டுவது

ஒரு பெண், பன்னிரண்டு வயது. கணக்கு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, கடைசிப் பக்கத்திலிருந்து கதை எழுதுவாள். அப்படி எழுதிய ஒன்றில் ஒரு அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கடிகாரமாக மாறுகிறாள். முதலில் நடையில் டிக் டிக், அப்புறம் பேச்சில். கடைசியில் தானே சுவரில் ஏறி மாட்டிக்கொள்கிறாள். வீட்டில் யாரும் அவளைத் தேடவில்லை. மணி மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.

என்னிடம் மட்டும் காட்டினாள். பெற்றோர் வந்த நாளில் நான் அதைச் சத்தமாக வாசித்துவிட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்து, மகளைப் பார்த்து, "நான் அப்படியா இருக்கேன்?" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றோடு எழுதுவதை நிறுத்தியிருந்தால் எனக்கு உடனே உறைத்திருக்கும். அவள் நிறுத்தவில்லை. புது நோட்டு, முதல் பக்கத்திலிருந்து, ஓரத்தில் கோடு போட்டு. கையெழுத்து முத்து முத்தாக. முயலுக்கு உதவும் அணில், மழைக்கு ஒதுங்க இடம் தரும் மரம், எல்லோரும் நல்லவர்கள். முன்னேறுகிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன், நான்கு மாதம்! யார் வாசித்தாலும் வம்பு வராத கதைகளாகப் பார்த்துப் பார்த்து எனக்குத் தயாரித்துக் கொடுத்திருக்கிறாள். புரிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மிஸ்" என்றாள். அதற்கப்புறம் அந்தக் கணக்கு நோட்டு என் கண்ணில் படவே இல்லை.

இந்த வயதில் ஊரே தன்னைத்தான் பார்க்கிறது என்ற உணர்வு வரும். சட்டையில் ஒரு கறை பட்டால் வகுப்பு முழுக்க அதையே பார்ப்பதாகத் தோன்றும். உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று பெயர் வைத்தார். ஏற்கெனவே அப்படி நிரம்பி வழிந்த அரங்கத்துக்கு நான் நிஜ ஆட்களையும் கூட்டிவந்து உட்கார வைத்தேன். அதுவும் யாரை? கதையில் வருகிற ஆளையே.

அந்தக் கடிகார அம்மா அவளுடைய அம்மாவா என்றால், பாதி ஆமாம். அந்தப் பாதியைத் தொட்டுப் பார்க்கத்தான் கதையே. வீட்டோடு சண்டை போடாமல் வீட்டைப் பற்றி யோசிக்க அவளுக்கு இருந்த இடம் அந்தப் பின்பக்கம். படைப்பாற்றலுக்கு மனப் பாதுகாப்பும் மனச் சுதந்திரமும் வேண்டும் என்று உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1954இல் எழுதினார். ஹாரிங்டன், ஜீன் பிளாக், ஜாக் பிளாக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதைச் சோதித்து 1987இல் வெளியிட்டார்கள்: பள்ளிக்குப் போகும் முன்பே பெற்றோரிடம் அப்படி வளர்ந்த பிள்ளைகளிடம், வளரிளம் பருவத்தின் தொடக்கத்தில் படைப்புத் திறன் கூடுதலாகத் தெரிந்தது. பாதுகாப்பு என்றால் நிறையப் பாராட்டுவது என்று நான் நினைத்திருந்தேன். யாரும் மதிப்புப் போடாத இடம் ஒன்று இருப்பதைத்தான் ரோஜர்ஸ் சொல்லியிருக்கிறார்.

இப்போது என் வகுப்பில் எல்லா நோட்டிலும் ஒரு கிளிப் இருக்கும். பிள்ளைகளே கிளிப் போட்டு மூடிய பக்கங்களை நானும் திறப்பதில்லை. "என்ன எழுதறா?" என்று பெற்றோர் கேட்டால், "அவளையே கேளுங்க" என்பேன். சிலருக்கு முகம் மாறும். மாறட்டும். ஒரே விதிவிலக்கு: என்னிடம் காட்டிய பக்கத்தில் யாரோ பிள்ளையைத் துன்புறுத்துவதாகவோ, அது தனக்கே தீங்கு செய்துகொள்வதாகவோ தெரிந்தால் மூடி வைக்க மாட்டேன். அப்போதும் முதலில் பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவேன்.

ஆளுக்கு ஒரு பட்டம்

"பெரியவன் கணக்குல புலி, சின்னவன்தான் எங்க வீட்டு ஓவியர்." இதைக் கேட்டதும் பெரியவன் பென்சிலைக் கீழே வைத்துவிடுவான், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. சின்னவன் படும் பாடு யார் கண்ணிலும் படாது. அப்படி ஒரு பதின்மூன்று வயது ஓவியர் ஒரே மூக்கை அழித்து அழித்து வரைந்து, காகிதத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. பட்டத்தைக் காப்பாற்ற வேண்டுமே! "இன்னைக்கு இடது கையால வரைடா" என்றேன். கோணலாக ஒரு கோழி வந்தது. அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

'அபாரம்! அற்புதம்!'

தன்னைப் பற்றித் தாழ்வாக நினைக்கும் பிள்ளையைக் கண்டால் பாராட்டைக் கொட்டத் தோன்றும். உளவியல் ஆய்வாளர் எடி பிரம்மல்மன் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகள் ஓர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தார்கள். சிலரிடம் 'அழகாக இருக்கிறது' என்றும், சிலரிடம் 'நம்பவே முடியாத அளவுக்கு அழகு' என்றும் சொல்லப்பட்டது. தன்மதிப்புக் குறைந்த பிள்ளைகள் இந்த மிகையான பாராட்டுக்குப் பிறகு சவாலான படங்களைத் தவிர்த்தார்கள். அடுத்த முறையும் அந்த உயரத்தில் நிற்க வேண்டுமே என்ற பயம். "நிழலுக்கு ஏன் பச்சை போட்டே?" என்று கேட்டுப் பாருங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பரிசு

1982இல் டெரசா அமாபிலி வெளியிட்ட ஆய்வில், பரிசுக்காகப் போட்டியிட்ட சிறுமிகள் காகிதத் துண்டுகளை ஒட்டிச் செய்த படங்களைவிட, பரிசு குலுக்கலில்தான் என்று சொல்லப்பட்டவர்களின் படங்களே மேலாக மதிப்பிடப்பட்டன. கொடுத்தே ஆக வேண்டுமென்றால் குலுக்கிப் போடுங்கள்.

அப்பாவின் நிறைவேறாத ஆசை

அதை அப்பாவே வரையட்டும்.

வீட்டில் சண்டை இருந்தால் நல்ல கதை வரும் என்று நம்புவது

இளம் பயிற்றுநர்களுக்கு இதில் ஒரு மயக்கம். சண்டை வீட்டுப் பிள்ளைக்கு முக்கால்வாசிக் கவனம் காலடிச் சத்தத்திலேயே போய்விடும். ஒரு பையன் எப்போதும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவான். அவனிடம் வீட்டைப் பற்றி எழுதச் சொல்லவில்லை. அதே நாற்காலி, அதே நேரம், அதே பென்சில் டப்பா. மாதக்கணக்கில் ரயில் பெட்டிகளாக வரைந்து தள்ளினான். சரி, வரையட்டும் என்று விட்டுவிட்டேன்.

விலை உயர்ந்த நோட்டு

வாங்கித் தராதீர்கள். கெடுத்துவிடுவோமோ என்று முதல் பக்கத்திலேயே கை நின்றுவிடும்.